இரண்டாம் சரணத்தில் சாகும் பாட்டு

பசிபிக் கடலின் தொங்கா தீவுகளில், நெயாஃபு ஊர் ரொட்டிக்கடைக் கரும்பலகையில் விலை எழுதுவது கடைக்காரர். கொக்கி போடுவது அகோசிதா. காலையில் வேலைக்கு வந்ததும், கையில் மாவு படுவதற்கு முன்னால், சுண்ணக்கட்டியை எடுத்து, எழுத்துகளுக்கு நடுவே அவர் விட்டுப்போன கொக்கிகளையெல்லாம் போட்டுவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போவாள்.

"ஏம்மா அகோ, கொக்கி போட்டா வியாபாரம் கூடுமா?" என்பார் கடைக்காரர்.

"கூடாது. ஆனா படிக்கிறவன் நம்மளப் பள்ளிக்கூடம் போனவங்கன்னு நினைப்பான்."

தொங்கா மொழியில் சில சொற்களின் நடுவே தொண்டை ஒரு நொடி அடைத்துத் திறக்கும். எழுதும்போது அந்த இடத்தில் தலைகீழாய்க் கவிழ்ந்த காற்புள்ளி போல ஒன்றைப் போட வேண்டும். அதுதான் கொக்கி. தமிழில் இரண்டு உயிர்கள் பக்கத்தில் வந்தால் ஒரு 'வ்' ஓடிவந்து ஒட்டவைக்கும். இங்கே கொக்கி ஓடிவந்து பிரித்துவைக்கும். 'ஹஉ' என்று விட்டுச் சொன்னால் 'வா'. 'ஹவு' என்று ஒட்டிச் சொன்னால் 'மன்னன்'. ஊரில் பாதிப் பேர் எழுதும்போது கொக்கியை விட்டுவிடுவார்கள்; படிக்கிறவர்கள் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அகோசிதாவுக்கு மட்டும் அது பல்லில் மாட்டிய தேங்காய்நார். வா என்று கூப்பிட வேண்டிய இடத்தில் மன்னா என்று கும்பிட்டுக்கொண்டு நின்றால் யார் வருவார்கள் என்பாள்.

அந்தக் கொக்கிதான் ஒரு வாரம் அவளை அழவைத்தது. இப்போது அந்த வாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

அகோசிதா ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் பாடகர் குழுவில் இரண்டாம் குரல். குழுவுக்குப் பாட்டுத்தாள் தயாரிப்பதும் அவள்தான். முன்பு அதைச் செய்துகொண்டிருந்த லிசியாதே ஆக்லாந்துக்குக் குடிபோனபோது, குழுவின் மடிக்கணினி இவள் வீட்டு மேசைக்கு வந்தது. தொங்காவில் பாட்டை எண்ணில் எழுதுவார்கள். ச என்றால் மூன்று, அங்கிருந்து ஏறிப்போய் நி என்றால் ஒன்பது. நாலு குரலுக்கும் நாலு வரிசை எண். அவற்றை அழகாக அடுக்கித் தாளில் அச்சிட ஒரு பழைய விண்டோஸ் நிரல் இருந்தது. எழுதியவர் யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார், காலமாகிவிட்டார். கணினியிலோ இப்போது விண்டோஸ் இல்லை. வைரஸ் அரித்துத் தின்றபின் அகோசிதாவின் அண்ணன் சையா அதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். பழைய நிரல் அதிலும் ஓட வேண்டும் என்பதற்காக நடுவில் ஒரு மென்பொருளை வைத்தார். நிரல் விண்டோஸ் பேச்சில் கேட்பதையெல்லாம் அது லினக்ஸ் பேச்சுக்கு மாற்றிச் சொல்லும். சையா அதை 'நடு ஆள்' என்பார். தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஊரில் யார் வீட்டுக் கணினி படுத்தாலும் அவரைத்தான் தேடுவார்கள்.

தாளைக் கையால் எழுதினால் போதாதா என்று கேட்கலாம். அகோசிதாவின் கையெழுத்தில் மூன்றும் எட்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒரு சாவு வீட்டில் அவள் எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்துப் பாடிய ஆண்குரல்கள் இறங்க வேண்டிய இடத்தில் மேலே தாவி, செத்தவரைத் தவிர மற்ற எல்லோரையும் திடுக்கிட வைத்தார்கள். அன்றிலிருந்து பாடகர் தலைவர் கிதியோனே ஒரு சட்டம் வைத்துவிட்டார். அகோசிதா கையால் எழுதிய எண் எதுவும் பயிற்சி மண்டபத்துக்குள் வரக்கூடாது.

இப்படி எண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தவளுக்கு ஒருநாள் சொந்தமாக ஒரு பாட்டு வந்தது. ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டிருக்கும்போது முதல் வரி. வீட்டில் சேம்பிலை ஆய்ந்துகொண்டிருக்கும்போது மீதி. செப்டம்பர் முதல் ஞாயிறு பெண்கள் ஞாயிறு; அன்று வழிபாட்டை நடத்துவது பெண்கள்தான். அதற்கான பாட்டு. 'வா அம்மா, சட்டியை இறக்கி வை, கையைத் துடை, முன்வரிசைக்கு வா' என்று தொடங்கும். தலைப்பு ஒரே சொல்: ஹஉ. வா.

கிதியோனேயிடம் பாடிக்காட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நீயா கட்டினே?"

"நான்தான்."

"வேற எங்கயும் கேட்டது இல்லையே?"

"எங்க போய்க் கேக்கப் போறேன்? எனக்கு ரொட்டிக்கடை, வீடு, கோயில். வேற ஊர் தெரியாது."

"சரி. வியாழக்கிழமை பயிற்சிக்கு நாலு குரலுக்கும் தாள் கொண்டு வா. பாடுவோம். தாள் வரலைன்னா போன வருஷப் பாட்டுதான். நின்னுக்கிட்டு வாய்ப்பாடமா சொல்லிக்கொடுக்க எனக்கு நேரம் இல்ல. கையெழுத்துத் தாள் கொண்டு வந்தே, உன்னையே திருப்பி அனுப்பிடுவேன்."

அகோசிதா வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தாள். அன்றைக்கே கணினியில் தன் பாட்டுக்கென்று ஒரு புதுக் கோப்புறை திறந்தாள். அதற்கு அழகாக, சரியாக, கொக்கி போட்டுப் பெயர் வைத்தாள்.

தட்ட ஆரம்பித்தாள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாம் சரணத்தில் முதல் வரி போகும்போது திரை ஒரு கணம் உறைந்தது. நிரல் மாயமாய்ப் போயிற்று. தட்டியதெல்லாம் போயிற்று. திரும்பத் திறந்தாள், முதலிலிருந்து தட்டினாள். மறுபடி இரண்டாம் சரணத்தில் செத்தது. அடுத்த நாளும் அப்படியே. பழைய பாட்டு எதையாவது திறந்தால் மதியம் முழுக்கச் சாதுவாக இருந்தது. இவள் பாட்டைத் திறந்தால் இரண்டாம் சரணத்தைத் தாண்டவே மாட்டேன் என்றது.

குழுவில் பக்கத்தில் நிற்கும் வைமோவானா விஷயம் கேள்விப்பட்டு வந்தாள். திரையைப் பார்க்கவில்லை, பாட்டு வரியைப் படித்தாள்.

"அகோ, தப்பா நினைக்காதே. ரெண்டாம் சரணத்துல என்ன எழுதியிருக்கே?"

"ஆம்பளைங்க இன்னைக்கு அடுப்பைப் பாத்துக்கட்டும்னு."

"அதான்."

"எது அதான்?"

"மேலே இருக்கிறவரும் ஆம்பளைதானே."

அகோசிதா அவளை விரட்டிவிட்டாள். ஆனால் விரட்டியபின் அந்தச் சொல் போகவில்லை. யாருக்கும் தெரியாமல் இரண்டாம் சரணத்தை மாற்றிக்கூட எழுதிப் பார்த்தாள், அடுப்பே இல்லாமல். அதுவும் செத்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நல்ல வரியையும் இழந்து, பலனும் இல்லை.

கணவன் ஃபெலெத்தி, படகு எந்திரம் பழுது பார்க்கிறவன், தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னான். "சூடா இருக்கும். நிழல்ல வை." வைத்தாள். "உப்புக்காத்து. துடைச்சுப் பாரு." துடைத்தாள். "பல்லி ஏதாவது உள்ளே போயிருக்கும்." கவிழ்த்துத் தட்டினாள், ரொட்டித்தூள் கொட்டியது. பல்லி இல்லை.

கணினியை ஃபெலெத்தி தன் மச்சானிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். சையா ஒருநாள் வைத்துப் பார்த்தார். நடு ஆளைக் கழற்றிப் புதிதாய்ப் போட்டார். இந்த விண்டோஸ் மாதிரி நடி, அந்த விண்டோஸ் மாதிரி நடி என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். லிசியாதே காலத்துப் பாட்டுகளைத் திறந்து தட்டி, சேமித்து, அச்சிட்டும் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக ஓடியது. தங்கையின் கோப்புறையை மட்டும் அவர் தொடவில்லை. தங்கை இன்னும் ஊருக்குக் காட்டாத பாட்டு. அண்ணன் திறந்து பார்ப்பது முறையில்லை. கணினி திரும்பி வந்தது. "ஒரு கோளாறும் இல்லையாம்" என்றான் ஃபெலெத்தி. வீட்டு மேசையில் வைத்ததும் இரண்டாம் சரணத்தில் செத்தது.

"உங்க அண்ணனை இங்கேயே வரச் சொல்றேன்" என்றான். "நீ தட்டும்போது அவரு இருக்கணும். வேற வழியில்ல."

அது சொல்வதற்கு எளிது. தொங்காவில் தங்கை இருக்கும் அறைக்குள் அண்ணன் வந்து உட்காருவதில்லை. வழியில் பார்த்தால் மரியாதையாய் நாலு சொல் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே திரையைப் பார்த்து, அதை அமுக்கு இதை அமுக்கு என்று சொல்வது நடக்காத காரியம். அதனால் புதன்கிழமை மதியம் சையா வந்தபோது வெளிப்படியில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அகோசிதா உள்ளே மேசையில். ஃபெலெத்தி கதவு நிலையில் சாய்ந்து, ஒரு காது வெளியே, ஒரு காது உள்ளே.

"கறுப்பு ஜன்னல் ஒண்ணு இருக்கும், அதைத் திறக்கச் சொல்லு மாப்ளே. நிரலை அங்கிருந்து கிளப்பணும். அப்பத்தான் சாகறப்ப என்ன முனகுதுன்னு தெரியும்."

"கறுப்பு ஜன்னலைத் திறக்கணுமாம்."

"காதுல விழுந்துச்சு" என்றாள் அகோசிதா.

"விழட்டும். சொல்ல வேண்டியது என் வேலை."

சையா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ஃபெலெத்தி அதை உள்ளே கடத்த, அகோசிதா தட்டினாள். நிரல் எழுந்தது. பாட்டைத் திறந்து வழக்கம்போல் முதலிலிருந்து தட்டினாள். வெளியே ஒரு சேவல் கூவி ஓய்ந்தது. இரண்டாம் சரணம், முதல் வரி. திரை உறைந்தது.

"செத்துப்போச்சு" என்றாள்.

"செத்துப்போச்சு மச்சான்."

"கறுப்பு ஜன்னல்ல கடைசி வரி என்ன?"

"கடைசி வரி என்னன்னு கேக்கறாரு."

அகோசிதா கிட்டே குனிந்து பார்த்தாள். நீளமாய் ஏதேதோ ஆங்கிலம். "ஏதோ பெரிசா இருக்கு. நடுவுல கேள்விக்குறி போடுது."

ஃபெலெத்தி வெளியே திரும்பினான். "கேள்வி கேக்குதாம்."

"என்ன கேள்வி?"

"என்ன கேள்வின்னு கேக்கறாரு."

"கேள்வி இல்ல மனுஷா, கேள்விக்குறி!"

"கேள்வி இல்லையாம் மச்சான். சும்மா குறி மட்டுமாம்."

படியிலிருந்து சையா கேட்டார்: "மாப்ளே, நீ படகுலயும் இப்படித்தான் பழுது பாக்கறியா?"

"படகு பேசாது. அதான் நிம்மதி."

"அந்தக் குறி எங்க வருது? எந்த எழுத்துக்குப் பக்கத்துல?"

அகோசிதா விரலை வைத்துப் பார்த்தாள். "பாட்டோட பேர் வர இடத்துல. பேருக்கு நடுவுல."

"பேரு நடுவுலயாம்."

"பேரு என்ன?"

"ஹஉ" என்றான் ஃபெலெத்தி. பேசும்போது யாரும் கொக்கியை விடுவதில்லை. அவன் தொண்டை சரியான இடத்தில் அடைத்துத் திறந்தது.

சையா படியில் பாதி திரும்பிவிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டே, நடு ஆள் யாரும் இல்லாமல், நேராக ஜன்னலுக்குச் சொன்னார்: "கோப்புறைப் பேர்ல கொக்கி போட்டியா?"

அகோசிதா நிமிர்ந்தாள். "போடாம? அதுதானே சரி?"

வெளியே அவர் சிரித்த சத்தம் கேட்டது. முழங்காலில் கையால் அடித்துக்கொண்ட சத்தமும் கேட்டது. பிறகு சட்டென்று மரியாதை ஞாபகம் வந்தவராய்க் குரலைத் தணித்து, மறுபடி ஃபெலெத்தியிடம் சொன்னார்.

"அந்த நிரல் எழுதின காலத்துல அதோட எழுத்துப் பெட்டியில இந்தக் கொக்கியே கிடையாது மாப்ளே. லினக்ஸுக்குத் தெரியும். நிரலுக்குத் தெரியாது. நடு ஆளு என்ன பண்ணுவான்? கொக்கிக்குப் பதிலா ஒரு கேள்விக்குறியை வெச்சுக் கொடுத்துட்டான். அது நாலஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் தானாவே பாட்டைச் சேமிக்கப் போகும். அந்தப் பேர்ல இடம் எதுவும் இல்ல. தேடிப் பாத்துட்டு மயக்கம் போட்டு விழுந்துடுது."

"அப்ப ரெண்டாம் சரணம்?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"ரெண்டாம் சரணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டான்னு கேக்கறா."

"அவ தட்டற வேகத்துக்கு அந்த நேரம் வரும்போது அங்க வந்து நிப்பா. அவ்வளவுதான்."

அகோசிதா நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எழுந்து போனது போலிருந்தது. பாட்டில் பாவம் இல்லை. மேலே இருக்கிறவருக்குக் கோபம் இல்லை. அடுப்பை ஆண்கள் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனாலும் ஒரு முள் மிச்சமிருந்தது. "லிசியாதே ஒரு கோப்புலயும் கொக்கி போட்டதில்ல. சோம்பேறி. அவனுக்கு மட்டும் ஓடிச்சு. அப்ப தப்பு என் மேலதானா?"

ஃபெலெத்தி கேட்டுச் சொன்னான். "உன் மேல தப்பு இல்லையாம். நீ சரியா எழுதினதுதான் வம்பாம். அந்தக் கொக்கியைத் தட்டறதுக்குப் போன வருஷம் உனக்கு விசைப்பலகையை மாத்திக் கொடுத்தது அவருதானாம். அதனால பாதி அவர் கணக்குல எழுதிக்கச் சொல்றாரு."

"கொக்கியை எடுத்துட்டா ஓடுமா?"

"ஓடுமாம்."

"கொக்கியை எடுத்தா மன்னன்னு ஆயிடுமே!"

"அகோ, அது கோப்புறைப் பேரு. யார் படிக்கப் போறா?"

"நான் படிப்பேன். தினம் திறக்கறப்ப படிப்பேன்."

ஃபெலெத்தி வெளியே பார்த்துக் கையை விரித்தான். படியிலிருந்து பதில் வந்தது. அதை அவன் சிரித்துக்கொண்டே உள்ளே கொடுத்தான்: "எண்ணுல பேர் வைக்கச் சொல்றாரு. எண்ணுக்குக் கொக்கியும் இல்ல, மன்னனும் இல்ல."

அகோசிதா ஒரு கணம் யோசித்தாள். பிறகு பாட்டின் முதல் வரி போகும் போக்கை முணுமுணுத்தபடியே தட்டினாள்: 7 8 7 5. ப த ப க. கோப்புறையின் பெயரே பாட ஆரம்பித்துவிட்டது. தாளின் மேலே அச்சாகும் தலைப்பில் ஒரு மாற்றமும் வேண்டியிருக்கவில்லை. தாளில் அச்சாகும் எழுத்துக்குக் கொக்கி போட அந்த வாத்தியார் தன் நிரலிலேயே வேறொரு குறியை வைத்திருந்தார்.

முதலிலிருந்து தட்டினாள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாம் சரணம், முதல் வரி, அடுப்பு திரும்பி வந்த வரி. திரை ஒரு கணம் நின்றது. ஃபெலெத்தி கண்ணை மூடிக்கொண்டான்.

நகர்ந்தது.

"உசுரோட இருக்கா?" என்று படியிலிருந்து குரல்.

"இருக்கு மச்சான்! கண்ணைச் சிமிட்டுது!"

அகோசிதா வேண்டுமென்றே எழுந்துபோய்த் துணி உலர்த்திவிட்டு வந்தாள். இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். இருந்தது. அதற்குமேல் சோதிக்கவில்லை, நாலு குரலையும் தட்டி முடித்தாள். சையா எழுந்து போகும்போது சூடான ரொட்டியும், சேம்பிலையில் பொதிந்து தேங்காய்ப்பாலில் வேகவைத்த இறைச்சியும் ஃபெலெத்தி கை வழியே அவரிடம் போயின. அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பொட்டலம் பெரிது என்பதை மட்டும் பார்த்தார்.

வியாழக்கிழமை மண்டபத்தில் கிதியோனே தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூணு மூணா இருக்கு. எட்டு எட்டா இருக்கு" என்றார். "சந்தேகமா இருக்கே. இது நிஜமாவே அகோசிதா பாட்டுதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாட ஆரம்பித்தார்கள். பெண்குரல்கள் தெளிவாகக் கூப்பிட்டன. கீழ்க்குரல் ஆண்கள் சோம்பலாய் இழுத்து, சொல்லை ஒட்டவைத்துவிட்டார்கள்: ஹவூ.

கிதியோனே கையைத் தட்டி நிறுத்தினார். "அரண்மனைக்கா வந்திருக்கீங்க? மன்னரை யாரும் கூப்பிடலை. உங்க அம்மாவைக் கூப்பிடுங்க. தொண்டையை நிறுத்து, விடு. திரும்ப!"

திரும்பப் பாடினார்கள். இந்தத் தடவை எல்லாத் தொண்டைகளும் ஒரே நொடியில் அடைத்து ஒரே நொடியில் திறந்தன. இரண்டாம் சரணம் வந்தபோது வைமோவானா பக்கத்திலிருந்து முழங்கையால் இடித்தாள். அகோசிதா திரும்பவில்லை. பாடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வெள்ளை உடுத்தி, தொப்பி வைத்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு தொடங்கி, இரண்டாம் சரணத்தைத் தாண்டி, முடிந்தது. அடுப்பு வரி வரும்போது ஆண்கள் பக்கத்தில் யாரோ கனைத்தார்கள். மேற்கொண்டு ஒன்றும் நடக்கவில்லை. சையா பின்வரிசையில் எங்கேயோ இருந்தார். வழிபாடு முடிந்ததும் போய்விட்டார்.

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஃபெலெத்தி சொன்னான்: "உங்க அண்ணனை வாசல்ல பாத்தேன். உன்கிட்ட ஒரு சேதி சொல்லச் சொன்னாரு."

"என்ன?"

"ரெண்டாம் சரணம் ரொம்ப நல்லா இருந்துச்சாம்."

அகோசிதா கிழங்கை நறுக்குவதை நிறுத்தி அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். "அவரு சொன்னாரா? இல்ல நீயா சேத்துக்கிட்டியா?"

"அவருதான் சொன்னாரு."

"'ரொம்ப'ன்னு சொன்னாரா?"

"அடிப்பாவி, என் வேலை உனக்குத் தெரியாதா?" என்று தட்டை நீட்டினான் ஃபெலெத்தி. "நான் எதையாவது விடுவேனே தவிர, சேக்க மாட்டேன்."

அது உண்மைதான். அவன் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள்.